ஆற்றுக்கு வலை விரித்தவர்கள்

பிரெஞ்சு மொழியில் 'மாய்' என்று ஒரு சொல் உண்டு. பின்னல் ஊசியில் விழும் ஒவ்வொரு சுழிக்கும், மீன் வலையின் ஒவ்வொரு கண்ணிக்கும் அதுதான் பெயர். நான் படித்த காலத்தில் பெண் பிள்ளைகளுக்குத் தையல் வகுப்பில் அடிக்கடி காதில் விழும் சொல். ஆற்று வெள்ளத்தைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போடும் என்ஜினியர்களும் இதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது. என் தங்கை பேரன் துலூஸ் நகரத்தில் இந்த வேலைதான் செய்கிறான். லீவில் வந்தபோது அவன் திரையில் ஒரு ஆறு முழுக்க வலை விரித்து வைத்திருந்தான். "என்னடா இது, ஆத்துல மீன் பிடிக்கிறியா?" என்று கேட்டேன். "தண்ணிய பிடிக்கிறேன் தாத்தா" என்றான்.

விஷயம் இதுதான். ஓடுகிற ஆற்றை அப்படியே கணக்கில் கொண்டுவர முடியாது. ஆகவே ஆற்றையும் அதன் இரண்டு பக்கத்துத் தாழ்வான நிலத்தையும் சின்னச் சின்னக் கண்ணிகளாக வெட்டிக்கொள்கிறார்கள். ஒரு கண்ணிக்கு ஒரு நீர்மட்டம், ஒரு வேகம், ஒரு திசை. ஒரு கண்ணியிலிருந்து அடுத்ததற்கு இந்த நொடியில் எவ்வளவு தண்ணீர் போகும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடும். பிறகு அடுத்த நொடி, அதற்கடுத்த நொடி. கண்ணிகள் ஆயிரக்கணக்கிலும் இருக்கலாம், லட்சக்கணக்கிலும் இருக்கலாம்.

அவன் அன்று மெனக்கெட்டுக் கொண்டிருந்தது கண்ணிகளை எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்பதற்காக. தண்ணீர் போகிற திசைக்கு ஒத்தாற்போல அவை நீள வேண்டுமாம், இல்லாவிட்டால் விடை கெட்டுப்போகுமாம். கோடு எப்படிப் போட்டால் என்ன, தண்ணீர் தண்ணீர்தானே என்று நமக்குத் தோன்றும். ஆனால் இந்தத் திசைப் பிரச்சினைக்குப் பின்னால் ஒரு நீண்ட சரித்திரம் இருக்கிறது. அதில் பெரும்பகுதி பிரெஞ்சுக்காரர்களுடையது என்பதால் எனக்குப் படிப்பதற்கும் சுலபமாக இருந்தது.

1732-இல் ஹான்ரி பித்தோ என்பவர் வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்றை பாரீஸில் சேன் நதிக்குள் இறக்கி நீரின் வேகத்தை அளந்தார். ஆழத்துக்குப் போகப் போக ஆறு வேகமாக ஓடும் என்றுதான் அதுவரை பெரிய மனிதர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். அது நேர்மாறு என்று குழாய் காட்டிவிட்டது. அடுத்து அந்துவான் ஷெஸி. இவேத் என்ற சிற்றாற்றின் தண்ணீரைக் கால்வாய் வெட்டி பாரீஸுக்குக் கொண்டுவர ஒரு திட்டம் இருந்தது. கால்வாய் எவ்வளவு அகலம், எவ்வளவு சரிவு என்று கணக்குப் போட அவர் கண்ட சூத்திரம்தான் இன்றைக்கும் பொறியியல் மாணவர்கள் மனப்பாடம் செய்வது. அவருடைய அறிக்கை கோப்போடு கோப்பாகக் கிடந்து, 1897-இல் ஓர் அமெரிக்க என்ஜினியர் அதை வெளியிட்டார். மனிதர் செத்து நூறு வருஷம் ஆகியிருந்தது. கோப்புகளோடு வாழ்ந்தவன் என்ற முறையில் எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

இவர்கள் எல்லோரும் நிதானமாக ஓடுகிற தண்ணீரைத்தான் பார்த்தார்கள். வெள்ளம் நிதானமாக ஓடாது. ஏறும், இறங்கும், இந்த மணிக்கு இருந்தது அடுத்த மணிக்கு இருக்காது. அந்த ஏற்ற இறக்கத்தைச் சமன்பாட்டில் பிடித்தவர் சேன்-வெனான்.

அதேமார் ழான் க்ளோத் பாரே த சேன்-வெனான், பிறப்பு 1797. பதினாறு வயதில் எக்கோல் பொலித்தெக்னிக்கில் இடம் கிடைத்தது. பிரான்ஸில் அதைவிடப் பெரிய கல்லூரி கிடையாது. 1814 மார்ச்சில் நெப்போலியனை எதிர்த்த கூட்டுப்படைகள் பாரீஸ் வாசலுக்கு வந்துவிட்டன. கல்லூரி மாணவர்களையும் பீரங்கிக்குப் பின்னால் நிறுத்தினார்கள். இந்தப் பையன் வரிசையை விட்டு முன்னால் வந்து, நெப்போலியன் அரியணையை அபகரித்தவன், அவனுக்காகச் சண்டை போட என் மனசாட்சி இடம் தரவில்லை என்று சொல்லிவிட்டான். கோழைத்தனம் என்று கல்லூரியை விட்டு விலக்கினார்கள். என்னைக் கேட்டால், துப்பாக்கியோடு நிற்கும் கூட்டத்தின் நடுவில் அப்படிச் சொல்வதற்குத்தான் தைரியம் வேண்டும்.

பிறகு எட்டு வருஷம் வெடிமருந்துத் துறையில் உத்தியோகம். 1823-இல்தான் பாலங்கள்-சாலைகள் கல்லூரியில் சேர அனுமதி கிடைத்தது. நம் மூத்தவர்கள் 'பொன் ஸெ ஷோசே' என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள், அந்த வம்சத்தின் மூலக் கல்லூரி அது. அங்கே சக மாணவர்கள் இரண்டு வருஷம் அவரோடு பேசவும் இல்லை, ஒரே பெஞ்சில் உட்காரவும் இல்லை. அவர் யாரிடமும் சண்டைக்குப் போகாமல் படித்து, வகுப்பில் முதல் ஆளாக வெளியே வந்தார். விஞ்ஞானக் கழகத்தில் இடம் கிடைக்க 1868 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மூன்று வருஷம் கழித்து, 1871-இல், எழுபது தாண்டிய கிழவர் ஆறுகளின் வெள்ளத்தையும் முகத்துவாரத்தில் ஏறும் கடல் அலையையும் பற்றி இரண்டு சமன்பாடுகளை வெளியிட்டார். ஒன்று, உள்ளே வந்த தண்ணீர் எங்கேயாவது இருந்தாக வேண்டும், காணாமல் போகாது என்பது. இன்னொன்று, சரிவு தள்ளுவதும் அடித்தரை இழுத்துப் பிடிப்பதும் சேர்ந்து நீரின் வேகத்தை எப்படி மாற்றுகின்றன என்பது. இன்றைக்கு உலகத்தில் எந்த மூலையில் வெள்ள முன்னறிவிப்பு செய்தாலும் பெரும்பாலும் அடியில் ஓடுவது இந்த இரண்டும், அல்லது இவற்றைச் சுருக்கியதும் விரித்ததும்தான். பாரீஸ் கம்யூன் கலவரம் ஓய்ந்து புகை அடங்காத வருஷம் அது. எழுபதுக்கு மேல் என்ன வேலை என்று என்னைக் கேட்கிறவர்களுக்கு இவர் பெயரைத்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

திசைக்கு வருகிறேன். சேன்-வெனானின் சமன்பாட்டில் திசை என்ற கேள்வியே கிடையாது. ஆறு ஒரு கோடு, தண்ணீர் அந்தக் கோட்டோடு போகும், அவ்வளவுதான். ஆற்றுக்குக் குறுக்கே அங்கங்கே வெட்டி அளவெடுத்தால் போதும். ஆனால் எங்கே வெட்டுவது? ஓட்டத்துக்குச் செங்குத்தாக வெட்ட வேண்டும். கரைக்குள் ஓடும்போது அது சுலபம். வெள்ளம் கரை தாண்டி வயலுக்குள் போய்விட்டால் அங்கே தண்ணீர் வேறு பக்கம் பார்த்துப் போகிறது. அதனால் அளவெடுக்கிறவர்கள் குறுக்குக் கோட்டை ஆற்றுக்குள் ஒரு மாதிரியும் வயலுக்குள் ஒடித்து வேறு மாதிரியும் போடுவார்கள். தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று தெரிந்தால்தான் கோடு போட முடியும், கோடு போட்டால்தான் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கணக்குச் சொல்லும். இந்தச் சிக்கலை வெட்டிவிட வேண்டுமானால் முதலில் ஆற்றை நேரில் பார்த்த ஆள் வேண்டும்.

1950-களில் கம்ப்யூட்டர் வந்த பிறகு சமன்பாடுகளுக்கு உயிர் வந்தது. அமெரிக்காவில் ஒஹாயோ நதியைக் கணக்கிட்டார்கள். பிரான்ஸில் க்ரெனோப்ள் நகரத்தில் சொக்ரெயா என்ற நிறுவனம் இருந்தது. அங்கே பிரேஸ்மன் என்பவர் 1961-இல் ஒரு கணக்கு முறையைக் கொண்டுவந்தார். அவர் பெயரிலேயே அது இன்றும் வழங்குகிறது. கோட்டில் ஓடும் ஆற்றுக்கு அது போதுமானது. பரந்து விரிந்த வெள்ளத்துக்குத்தான் வலை தேவைப்பட்டது.

வலை என்றதும் எவருக்கும் முதலில் தோன்றுவது சதுரங்கப் பலகை மாதிரி சம சதுரங்கள். போடுவது சுலபம், கணக்கும் சுலபம். ஆனால் எந்த ஆறு சதுரங்கப் பலகையின் கோட்டோடு ஓடுகிறது? மூலைவாட்டில் போகும் ஆற்றைச் சதுரங்களில் அடைத்தால் அதன் கரை மாடிப்படி போல ஆகிவிடும். தண்ணீர் ஒவ்வொரு படியிலும் முட்டித் திரும்புகிறது. நிஜ ஆற்றில் இல்லாத ஒரு தடை கணக்குக்குள் வந்துவிடுகிறது.

இதைவிட நுணுக்கமான கோளாறு இன்னொன்று. ஒரு கண்ணிக்கு ஒரே வேகம் என்றேன் அல்லவா? ஆற்றின் நடுவில் வேகமான ஓட்டம் ஒரு நாடா போலப் போகிறது என்று வையுங்கள். கண்ணிகள் அந்த நாடாவோடு சேர்ந்து நீண்டிருந்தால், வேகத் தண்ணீர் இந்தக் கண்ணியிலிருந்து நேரே அடுத்ததற்குப் போகும், பக்கத்துக் கண்ணிக்குத் தெரியாது. அதே ஓட்டம் மூலைவாட்டில் வந்தால் பாதி முன்னால் இருக்கும் கண்ணிக்கும் பாதி பக்கத்துக் கண்ணிக்கும் போகும். இரண்டும் தங்களிடம் ஏற்கெனவே இருந்த மெதுவான தண்ணீரோடு கலந்து சராசரி எடுத்துக்கொள்ளும். அடுத்த நொடி அந்தச் சராசரி மறுபடி பிரியும். பத்துப் பதினைந்து கண்ணி தாண்டுவதற்குள் நாடா விரிந்து வெளிறிப்போய், ஈரத் துணியில் விழுந்த மைப்பொட்டு மாதிரி ஆகிவிடும். எளிய கணக்கு முறைகளில் இந்தக் கசிவு மிக மோசமாக இருப்பது 45 பாகையில். கோட்டோடு ஒட்டிப் போனால் பக்கவாட்டுக் கசிவே இல்லை. 1970-களில் இதைச் சரியாக எடைபோட்டு எழுதினார்கள். பொய்ப் பரவல் என்று பெயர் வைத்தார்கள், பொருத்தமான பெயர். ஆறு பரவவில்லை, வலை பரப்பியது.

நான் வேலை பார்த்த காலத்தில் பிரெஞ்சுக் காலத்து கதாஸ்தர் வரைபடங்களை வருஷக்கணக்காகக் கையாண்டவன். அவற்றில் நன்செய் மனைகள் சதுரமாக இருந்து நான் அதிகம் பார்த்ததில்லை. வாய்க்காலையும் சரிவையும் பார்த்து நீண்டும் வளைந்தும் கிடக்கும். வரப்பு போட்டவன் தண்ணீரைப் பார்த்துத்தான் போட்டிருக்கிறான். பேரன் திரையில் காட்டிய நல்ல வலைக்கும் அந்த வரைபடத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆற்றுக்குள் கண்ணிகள் ஓட்டத்தின் திசையில் நீளமாக, குறுக்கே ஒடுக்கமாக இருந்தன. ஆற்றின் நீளவாக்கில் ஆழமும் வேகமும் மெல்லத்தான் மாறும், குறுக்கே சட்டென்று மாறும், ஆகவே அப்படி வைத்தால் கண்ணிகளும் மிச்சம். கரை மேடு, ரோட்டு மேடு எல்லாம் கண்ணியின் ஓரமாக விழும்படி வைத்திருந்தான். மேடு கண்ணிக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் கணக்குக்கு அது கண்ணில் படாமலே போய், தண்ணீர் ஊடுருவிப் போய்விடலாமாம். ரோட்டு மேட்டில் வெள்ளம் முட்டிக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று 2024 ஃபெஞ்சல் புயல் மழையில் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த மேட்டு விஷயத்தை முதலில் பெரிய அளவில் செய்தது மேகாங் நதியில்தான்.

மேகாங் என்றால் நம் ஊரில் பாதிக் குடும்பங்களுக்கு ஏதோ ஒரு கதை இருக்கும். சைகோனுக்குப் போய் உத்தியோகம் பார்க்காத வீடு அந்தத் தலைமுறையில் குறைவு. என் பெரியப்பா அங்கே கஸ்டம்ஸில் இருந்தவர். கம்போடியாவில் ஒரு ஆறு வருஷத்துக்கு இரண்டு தடவை திசை திரும்பி ஓடும் என்று அவர் சொல்வார். பெரியப்பா கதை அளக்கிறார் என்று நாங்கள் பிள்ளைகள் சிரிப்போம். அவர் சொன்னது முழு உண்மை. மழைக்காலத்தில் மேகாங் பெருகினால் ப்னோம் பென் நகரத்தில் அதோடு சேரும் தொன்லே சாப் ஆறு பின்பக்கமாகத் தள்ளப்பட்டு உள்நாட்டு ஏரிக்குள் ஓடும். ஏரி பல மடங்கு விரியும். மழை ஓய்ந்து மேகாங் இறங்கியதும் ஏரி தண்ணீரைத் திருப்பிக் கொடுக்கும். அந்தத் திருப்பத்தைத்தான் அங்கே தண்ணீர்த் திருவிழாவாகப் படகுப் போட்டி வைத்துக் கொண்டாடுகிறார்கள்.

1960-களில் யுனெஸ்கோ ஏற்பாட்டில் சொக்ரெயா இந்தச் சமவெளிக்கும் டெல்டாவுக்கும் கணித மாதிரி செய்தது. அந்தப் பக்கம் அணைகளும் மதகுகளும் கட்டினால் வெள்ளம் என்ன ஆகும் என்று தெரிய வேண்டும். பிரேஸ்மனோடு யான் குன்ஜ் என்ற போலந்துக்காரரும் இதில் வேலை செய்தார். தொன்லே சாப் மாதிரி முன்னும் பின்னும் ஓடும் ஆற்றில் கண்ணியை எந்தத் திசை பார்த்து வைப்பது? அன்றைய கம்ப்யூட்டரின் ஞாபகசக்தியோ சொற்பம், லட்சக்கணக்கில் கண்ணி போட வழியே இல்லை. அவர்கள் சதுரம் போடவில்லை. சமவெளியை அதன் இயற்கையான எல்லைகளிலேயே வெட்டினார்கள். ரோட்டு மேடு, கரை, ஆறே மண் கொட்டி உண்டாக்கிய ஓரத் திட்டு, இவைதான் கண்ணியின் ஓரங்கள். ஒவ்வொரு கண்ணியும் ஒரு நெல் வெளி. ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தண்ணீர் எங்கே தாண்டும், வாய்க்கால் வழியாகவா, கரை மேல் வழிந்தா என்று ஒவ்வொரு இணைப்பையும் தீர்மானித்தார்கள். அப்படி அமைத்ததால் தண்ணீர் முன்னே போனாலும் பின்னே போனாலும் அதே வாசல் வழியாகத்தான் போக வேண்டும். எல்லாமே வரைபடத்தையும் நிலத்தையும் பார்த்து மனிதன் கையால் போட்டது. கம்ப்யூட்டர் சின்னதாக இருந்ததால் மனிதர்கள் ஆற்றை அதிகம் பார்க்க வேண்டியிருந்தது. இப்போது பட்டனைத் தட்டினால் வலை தானே விழுகிறது, அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று பேரனே குறைப்பட்டுக்கொண்டான்.

வலை சரியில்லை என்றால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்களுக்காக ஒரு இரவைச் சொல்ல வேண்டும்.

தெற்கு பிரான்ஸில் வார் மாவட்டத்தில் ஃப்ரேழுஸ் நகரத்துக்கு வடக்கே ஏழு கிலோமீட்டர் அளவில் ரேரான் என்ற சின்ன ஆறு. கோடையில் பெரும்பாலும் மணல்தான். அதன் குறுக்கே மால்பாஸே என்ற இடத்தில் 66 மீட்டர் உயரத்துக்கு மெல்லிய வில் அணை கட்டினார்கள். பெரிய அணை என்ஜினியர் அந்த்ரே குவானின் வடிவமைப்பு. 1959 கடைசியில் பெய்த பெருமழையில்தான் முதல்முறையாக அது விளிம்புவரை நிரம்பியது. டிசம்பர் 2 இரவு 9 மணி தாண்டி இடது கரைப் பாறை நகர்ந்து, அணை உடைந்தது. ஏறக்குறைய 5 கோடி கன மீட்டர் தண்ணீர். 423 பேர் இறந்தார்கள். எங்கள் வகுப்பில் ஆசிரியர் இந்தச் செய்தியை வாசித்துவிட்டு அன்று பாடம் நடத்தவில்லை.

அந்த விபத்தில் வருங்காலக் கணவனைப் பறிகொடுத்த ஒரு கர்ப்பிணிப் பெண் இறந்தவரையே மணக்க அனுமதி கேட்டாள். அந்த டிசம்பர் முடிவதற்குள் இறந்தவரோடு திருமணம் செய்ய இடம் தரும் சட்டம் பிரான்ஸில் நிறைவேறியது. சிவில் கோடின் 171-ஆம் பிரிவில் இன்றும் இருக்கிறது. நம் ஊர் ரெனோன்சான் குடும்பத்துப் பெரியவர்கள் சிலருக்கு இந்தப் பிரிவு தெரியும், அது பிறந்த கதை தெரிந்தவர்கள் குறைவு.

வெள்ளக் கணக்குக்காரர்களுக்கு மால்பாஸே ஒரு கொடுமையான கொடை. பள்ளத்தாக்கில் இருந்த மூன்று மின்மாற்றிகளை அலை அடித்துச் சென்றது. மின்சாரம் நின்ற நேரம் பதிவாகியிருந்தது. அணை உடைந்த 100-ஆவது விநாடியில் முதலாவது, 1240-இல் இரண்டாவது, 1420-இல் மூன்றாவது. போலீஸார் இரண்டு கரையிலும் தண்ணீர் ஏறிய உச்ச அடையாளங்களை அளந்து குறித்தார்கள். 1964-இல் சேன் நதிக்கரையில் ஷாத்துவில் இருக்கும் மின்வாரிய ஆய்வுக்கூடத்தில் பள்ளத்தாக்கை 400-இல் ஒரு பங்காகச் சுருக்கிக் கட்டித் தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். ரெனுவார் படகுக்காரர்களின் விருந்தைத் தீட்டினாரே, அதே ஷாத்து.

அதே ஆய்வுக்கூடத்தில் 1987-இல் தெலெமாக் என்ற கணக்கு நிரலை எழுதத் தொடங்கினார்கள். பின்னால் அதை மால்பாஸேயில் சோதித்தார்கள். இங்கே சதுரங்கள் இல்லை, முக்கோணக் கண்ணிகள், 26,000. முக்கோணம் வளைவுக்கு வளைந்து கொடுக்கும், அதன் பக்கங்களை ஓடுபாதையோடு ஒட்டி வைக்கலாம். ஆனாலும் எந்த ஓடுபாதை என்ற கேள்வி போகவில்லை. அணை உடைந்த அலை ரேரான் ஆற்றின் நெளிவைப் பார்த்தா போகும்? வளைவைக் குறுக்கே வெட்டும், எதிர் மலைச்சரிவில் மோதி ஏறும், வெளிக்கரையில் ஒரு உயரம் உள்கரையில் ஒரு உயரம் என்று நிற்கும். சாதாரண நாளில் ஆறு போகும் திசைக்கு வலை போட்டவன் அந்த இரவுக்கு வலை போடவில்லை. ஓட்டம் வலைக்கு மூலைவாட்டில் விழுந்து கசிந்தால், காகிதத்தில் அலையின் செங்குத்து முகம் சாய்ந்து உச்சி மழுங்கிவிடும். எந்த வீடு தப்பும், எந்தத் தெருவில் ஆளை எழுப்ப வேண்டும் என்று முடிவு செய்வது அந்த உச்சியை வைத்துத்தான்.

இன்னொரு சிரமமும் இருந்தது. நிலத்தின் உயரம் தெரியாமல் வலை போட முடியாது. வெள்ளம் பள்ளத்தாக்கையே சுரண்டி மாற்றிவிட்டதால் பிறகு எடுத்த அளவுகள் உதவவில்லை. கடைசியில் 1931-ஆம் வருஷத்து 20,000-இல் ஒன்று அளவுள்ள பழைய வரைபடத்தை எடுத்துப் புள்ளி புள்ளியாக, 13,541 புள்ளிகள், கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். அணை கட்ட ஆரம்பிப்பதற்கு இருபது வருஷத்துக்கு முன்னால் எவரோ ஒரு சர்வேயர் வெயிலில் நடந்து போட்ட தாள். பயனில்லை என்று எந்த அதிகாரியும் அதைக் கிழித்துப் போடவில்லை.

கணக்கு மின்மாற்றிகள் நின்ற நேரத்துக்கு மிக நெருக்கமாக வந்தது. 2010-இல் தெலெமாக் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் விடப்பட்டது. மால்பாஸே பள்ளத்தாக்கும் அதோடு மாதிரிக் கணக்காகச் சேர்ந்தே வருகிறது. உலகத்தில் எங்கே புதிதாக வெள்ளக் கணக்கு நிரல் எழுதினாலும் இந்தப் பள்ளத்தாக்கில் ஓட்டிப் பார்த்து, 100, 1240, 1420 என்ற மூன்று எண்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. பேரனும் மாணவனாக இருந்தபோது அதை ஓட்டியிருக்கிறான். அந்த எண்களை அவனும் மனப்பாடமாகச் சொன்னான்.